கானகம் காணச் செல்வோர்க்கு

சென்ற திங்கள் இப்பகுதியில் திருவண்ணாமலைக்குச் செல்லும் வழிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த ஆண்டர்சன்பேட்டைச் சகோதரியார் ஒருவர், என் அலுவலகச் சாளரத்தில் டிக்கட் வாங்கும்போதே ஒரு விண்ணப்பமும் கொடுத்துவிட்டுச் சென்றார். "எங்கள் பிள்ளைகள் யானையைக் கோயில் வாசலிலும், புலியைப் பாடப் புத்தகத்திலும் மட்டுமே கண்டவர்கள். கோலார் தங்கவயலிலிருந்து புறப்பட்டுக் கடன் படாமல் கானகம் கண்டு திரும்ப வழி உண்டா? வயது முதிர்ந்த மாமியாரையும் உடன் அழைத்துச் செல்ல இயலுமா?" என்பது அவர் கேட்டது.

வழி உண்டு. ஒன்றல்ல, மூன்று உண்டு. அவற்றுள் முதலாவதைப் பற்றி நான் சொந்த அனுபவத்தால் பேச முடியும். அந்த அனுபவத்தில் பாதி, செய்யக் கூடாததைச் செய்து கற்றதாகும். அதனை முதலில் சொல்லிவிடுவதே முறை.

நம் ஊருக்கு மிக அருகிலுள்ளது பெங்களூரின் தெற்கே, நகரிலிருந்து ஏறக்குறைய 22 கிலோமீட்டரில் இருக்கும் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா. இரண்டாண்டுகளுக்கு முன் என் வார ஓய்வு நாளில் குடும்பத்துடன் அங்கே செல்ல முடிவு செய்தேன். என் தந்தையார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் நிலத்தடியில் வேலை பார்த்தவர். கல்தூசி அவருடைய நெஞ்சில் தங்கிவிட்டது. நூறு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். ஆகையால் எங்கும் வருவதில்லை. "நீங்கள் போய் வாருங்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே" என்பதே அவருடைய வழக்கமான விடை. அன்று என் ஏழு வயது மகள் விடாமல் கெஞ்சியதால் இசைந்தார். வெள்ளை வேட்டியும் பழைய கம்பளிச் சட்டையும் அணிந்து, விடியுமுன்னரே திண்ணையில் வந்து அமர்ந்துகொண்டார்.

மாரிக்குப்பத்தில் ரயிலேறினோம். பெங்களூர் சேர்ந்தோம். நகர பஸ்ஸில் நெரிசலோடு நின்று பூங்கா வாயிலை அடைந்தோம். வாயில் மூடியிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் பூங்காவுக்கு விடுமுறை. என் வார ஓய்வோ செவ்வாய்.

ஊராருக்கெல்லாம் வண்டி எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்லிப் பிழைப்பவன் நான். அந்த ஒரு நாளைக் கேட்டறியத் தவறினேன். மகள் அழுதாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது அழுகையினும் கொடியது. பன்னேர்கட்டா குன்றின் அடியில் உள்ள சம்பகதாம சுவாமி கோயிலருகே ஒரு மரநிழலில் அமர்ந்து, கட்டிச் சென்ற எலுமிச்சைச் சோற்றை உண்டு திரும்பினோம். தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இந்த மட்டும் வந்தோமே, காற்று நன்றாயிருக்கிறது" என்றார். ஆனால் அன்றிரவெல்லாம் இருமினார். அதன்பின் ஓராண்டுக்கு மேலாக, எங்கே அழைத்தாலும் தலையசைத்து மறுத்துவிட்டார்.

ஆதலால் சகோதரியாருக்கும் மற்ற நேயர்களுக்கும் என் முதற் சொல் இதுவே: செவ்வாய்க்கிழமை செல்லாதீர்கள். மைசூர் விலங்குக் காட்சிச்சாலைக்கும் அதே நாள்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாள்களும் திறந்திருக்கும். ஆனால் கூட்டம் மிகும். விடுப்புக் கிடைக்குமாயின் புதனோ வியாழனோ ஏற்றது.

இனி வழிகளைக் காண்போம்.

முதல் வழி: ஒரு நாட் பயணம்

காலையில் மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் ஆகிய எந்த நிலையத்திலும் ஏறலாம். நாள்தோறும் ஆயிரக்கணக்கான நம் மக்கள் பிழைப்புக்காகப் பெங்களூர் செல்லும் அதே வண்டிகள்தாம். குழந்தைகளும் முதியோரும் உடன் வருவதால், விடியலில் நிற்கவும் இடமில்லாத வண்டியை விட்டு, அதற்கடுத்ததில் செல்வது நன்று. பெங்களூர் நகர நிலையத்தில் இறங்கி எதிரே கடந்தால் கெம்பேகவுடா பஸ் நிலையம். அங்கிருந்து 365 என்ற எண்ணுள்ள பஸ் பன்னேர்கட்டா செல்லும். தூரம் குறைவாயினும் நகர நெரிசலில் ஒன்றரை மணி நேரம், சில நாள் அதற்கும் மேல் ஆகலாம். பூங்கா காலை ஒன்பதரை மணியளவில் திறக்கும். பகலுக்குள் உள்ளே நுழைந்துவிட்டால்தான் எல்லாவற்றையும் நிதானமாகக் காண இயலும்.

பன்னேர்கட்டா 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காட்டின் ஒரு பகுதி 2002-இல் உயிரியல் பூங்கா என்று தனியே பிரிக்கப்பட்டது. நாம் காண்பது இப்பகுதியை மட்டுமே. அப்பால் உள்ள காட்டில் யானைகள் தம்மிச்சையாக உலவுகின்றன. அங்கே நமக்கு இடமில்லை, இருத்தலும் ஆகாது.

உள்ளே நான்கு விதமாகப் பார்க்கலாம். விலங்குக் காட்சிச்சாலையை மட்டும் பார்ப்பது சிக்கனமானது. ஆனால் நடை மிகுதி. காட்சிச்சாலையோடு பஸ்ஸில் காட்டுலாவும் செல்வது இரண்டாவது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே தக்கது. அந்தப் பஸ்ஸிலும் குளிர்சாதனம் உள்ளது, இல்லாதது என இருவகை உண்டு. மூன்றாவது, ஜீப் வண்டியைக் குடும்பத்துக்கெனத் தனியே அமர்த்திக்கொள்வது; செலவு பன்மடங்கு. நான்காவது, இவற்றோடு வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் சேர்த்துக்கொள்வது. 2006-இல் திறக்கப்பட்ட அது, இந்தியாவின் முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா எனப்படுகிறது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் அதனை விட்டுவிட வேண்டாம். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் இங்கே எழுதவில்லை. முதல்நாளே விசாரித்துக்கொள்க.

காட்டுலா செல்லும் பஸ்ஸின் சன்னல்களுக்குக் கம்பிவலை இட்டிருப்பார்கள். மான், காட்டெருமை முதலிய இலையுண்ணிகள் ஒரு பகுதியிலும், கரடி, சிங்கம், புலி ஆகியவை தனித்தனி வேலிக்குள்ளும் இருக்கின்றன. 2024-இல் சிறுத்தைகளுக்கென்றும் ஒரு பகுதி திறக்கப்பட்டது. கையை வெளியே நீட்டாதீர்கள் என்று ஓட்டுநர் சொல்வதை விளையாட்டாக எண்ண வேண்டாம். 2025-இல் உலா சென்ற சிறுவன் ஒருவனைச் சிறுத்தை நகத்தால் கீறிய செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள்.

முதியோரைப் பற்றிச் சகோதரியார் கேட்டாரல்லவா? அதற்கு விடையாக எங்கள் இரண்டாம் பயணத்தைச் சொல்கிறேன்.

சென்ற தை மாதத்தில் ஒரு வியாழனன்று விடுப்பு எடுத்தேன். இம்முறை முதல்நாளே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதன்பின் தந்தையாரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்க்கலாமா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். "அப்படியானால் சரி" என்றார்.

காட்டுலாவையே முதலில் முடித்துக்கொண்டோம். களைப்பு வருமுன் அமர்ந்து காண வேண்டியதைக் கண்டுவிடுவது முதியோருக்கு நலம். பிறகு காட்சிச்சாலையில் மின்கல வண்டி கேட்டுப் பெற்றோம். முதியோரும் நடக்க இயலாதோரும் அதனைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

சிங்கப் பகுதிக்கு இரட்டை வாயில்கள் உண்டு. முதல் வாயிலுக்குள் பஸ் நுழைந்ததும் அது பின்னே சாத்தப்படும். அதன் பின்னரே எதிர் வாயில் திறக்கும். அந்த இடைவெளியில் பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் எல்லாம் மூச்சடங்கியிருந்தனர். தந்தையார் மட்டும் சிரித்தார். "பாப்பா, தாத்தாவுக்கு இது புதிதல்ல. கூண்டுக்குள் ஏறி, கதவைச் சாத்தி, மணி அடித்த பின்புதானே சுரங்கத்தில் இறங்குவோம். இங்கேயும் நாம்தான் கூண்டில் இருக்கிறோம், அது வெளியில் இருக்கிறது" என்றார். சுரங்கத்தைப் பற்றி அவர் வாய்விட்டுப் பேசி நான் கேட்டு நெடுநாளாயிற்று.

பாதையோரத்தில் பெண்சிங்கம் ஒன்று படுத்திருந்தது. பஸ் நின்றது. தந்தையார் ஓட்டுநரிடம் கன்னடத்தில், "இவை எங்கிருந்து வந்தவை?" என்று கேட்டார். ஓட்டுநர் பொறுமையாகச் சொன்னார்: முற்காலத்தில் சர்க்கஸ் கொட்டகைகளிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களும் புலிகளும் பல இங்கே கொண்டுவரப்பட்டன, சிங்கத்தின் ஆயுள் இருபது ஆண்டளவே ஆகையால் அவை மூத்து மடிந்திருக்கும், இப்போதுள்ளவை பின் வந்தவை.

"சர்க்கஸை எப்போது நிறுத்தினார்கள்?" என்று தந்தையார் என்னைக் கேட்டார். அப்போது எனக்குத் தெரியவில்லை. பின்னர் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்குதல் கூடாதென்று மத்திய அரசு 1998 அக்டோபரில் அறிவித்தது. சர்க்கஸ் நடத்துவோர் வழக்காடினர். 2001 மே முதல் நாள் உச்ச நீதிமன்றம் அரசின் அறிவிப்பே சரியென்று தீர்ப்பளித்தது.

வீட்டில் இதனை அவரிடம் படித்துக் காட்டியபோது, "மே மாதமா? நமக்குப் பிப்ரவரி" என்றார். நம் சுரங்கங்கள் மூடப்பட்டது அதே 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 என்பதை நேயர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. சற்றுப் பொறுத்து, "அதற்கு ஒரு காடும், வேளைக்குச் சோறும், வைத்தியரும் கொடுத்தார்களே, நல்லது" என்றார். அவர் சொன்னதில் பொறாமை இல்லை. சுரங்கம் மூடிய பின் பன்னிரண்டு ஆண்டுகள் பெங்களூரில் ஒரு கட்டடத்தில் இரவுக் காவல் செய்து, தினமும் ரயிலில் போய் வந்து என்னைப் படிக்க வைத்தவர் அவர். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது.

கரடிகளின் வரலாறும் இத்தகையதே. முற்காலத்தில் மூக்கில் கயிறிட்ட கரடியைத் தெருத்தெருவாக ஆட்டுவித்த கலந்தர் என்னும் மக்களை மூத்தோர் அறிவர். அக்கரடிகளைக் காப்பதற்காக 2005-இல் பன்னேர்கட்டாவில் ஒரு காப்பகம் அமைந்தது. நாட்டின் கடைசி ஆட்டக்கரடி எனப்பட்ட ராஜு, 2009 டிசம்பரில் இங்கேதான் வந்து சேர்ந்தது. கரடியைப் பெற்றுக்கொண்டதோடு நில்லாமல், அதனை நம்பி வாழ்ந்த கலந்தர் குடும்பங்கள் வேறு தொழில் தொடங்கவும், அவர்தம் பிள்ளைகள் பள்ளி செல்லவும் உதவி செய்தனர். ஒரு தொழிலை நிறுத்துவது நியாயமே ஆனாலும், அதனால் வாழ்ந்தவன் நாளை என்ன உண்பான் என்பதையும் உடன் எண்ணுவதே முழு நியாயம். விலங்குக்கும் மனிதனுக்கும் ஒருசேர வழி செய்த அச்செயலைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தங்கவயல் பிள்ளைகளுக்கு அது எளிதில் விளங்கும்.

இரண்டாம் வழி: பந்திப்பூர்

இரு நாள் ஒதுக்க இயன்றோர் பெங்களூரிலிருந்து ரயிலில் மைசூர் சென்று, அங்கிருந்து உதகை செல்லும் பஸ்ஸில் நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை வழியாகப் பந்திப்பூர் அடையலாம். மைசூரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மைசூர் மன்னர் 1931-இல் வேணுகோபாலன் பெயரால் அமைத்த சிறு காப்பகமே பின் விரிந்து இவ்வளவு பெரிய காடாயிற்று. 1973-இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோது முதன்முதல் எடுத்துக்கொண்ட ஒன்பது காடுகளில் இதுவும் ஒன்று.

இங்கே வேலிக்குள் விலங்குகள் இல்லை. வனத்துறைப் பஸ்ஸிலும் ஜீப்பிலும் காலையும் மாலையும் உலா செல்வதே ஏற்பாடு. மான் கூட்டமும் மயிலும் பெரும்பாலும் கண்ணில் படும். யானை பல நாள் படும். புலி அதன் விருப்பம். புலி காணவில்லையென்று ஓட்டுநரோடு பூசலிடுவோரை அங்கே காணலாம். நாம் அவ்வாறு செய்தல் ஆகாது. பன்னேர்கட்டாவில் காட்சி உறுதி, காடு குறைவு. பந்திப்பூரில் காடு உறுதி, காட்சி நம் நற்பேறு. எது வேண்டுமென்று வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு புறப்படுங்கள்.

இன்னுமொரு எச்சரிக்கை. 2025 நவம்பரில், காட்டோர ஊர்களில் புலி தாக்கிச் சிலர் உயிரிழந்ததை அடுத்து, பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் உலா நிறுத்தப்பட்டது. இத்தகைய நிறுத்தங்கள் முன்னறிவிப்பின்றி வரக்கூடும். ஆகையால் புறப்படுமுன் உலா நடைபெறுகிறதா என்று கேட்டறிந்த பின்னரே அறைக்குப் பணம் கட்டுங்கள்.

மூன்றாம் வழி: முதுமலை

பந்திப்பூரை அடுத்து, மாயாற்றுக்கு அப்பால் தமிழ்நாட்டில் உள்ளது முதுமலை. 1940-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று; பரப்பு 321 சதுர கிலோமீட்டர். இங்கே தெப்பக்காட்டிலுள்ள யானை முகாமைக் காணத் தவறாதீர்கள். தாயை இழந்த யானைக் குட்டிகளைப் பிள்ளைபோல் வளர்த்த பொம்மன், பெள்ளி என்னும் பழங்குடித் தம்பதியரைப் பற்றிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கார் பரிசு பெற்றதும் இம்முகாமின் பெயர் உலகெங்கும் பரவிற்று. யானைகளுக்கு உணவளிக்கும் வேளையில் சென்றால், கேழ்வரகுக் களியும் வெல்லமும் உருண்டை பிடித்து ஊட்டுவதைக் காணலாம். நம் வீட்டுக் களியை யானையும் உண்கிறதென்று பிள்ளைகள் வியப்பார்கள்; மறுநாள் களி உண்ண மறுக்கமாட்டார்கள். வனத்துறை வண்டியில் உலா செல்லும் வசதியும் தெப்பக்காட்டில் உண்டு.

பந்திப்பூர் வழியே செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை வண்டிகள் செல்லத் தடை 2009-இல் விதிக்கப்பட்டது. விளக்கொளியில் கண் மயங்கி அடிபட்டு மடிந்த விலங்குகள் பல என்பதே காரணம். தனி வண்டி அமர்த்திச் செல்வோர் இதனை மனத்திற் கொண்டு பயண நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே சென்றாலும் பொது விதிகள் சில உள. பளிச்சென்ற ஆடை வேண்டாம். உரக்கப் பேசுதல், பாட்டுப் பெட்டி வைத்தல், பண்டம் எறிதல் கூடாது. பிளாஸ்டிக் பை வேண்டாம். தூக்குவாளியிலும் துணிப்பையிலும் உணவு கொண்டு செல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர் மருந்தைக் கைப்பையில் வைத்திருங்கள்.

நாடிச் செல்லக் கூடாத வழி

கானகம் காண ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். யானையைக் காண நாம் பெங்களூர் வரை செல்ல வேண்டியதே இல்லை என்பது உண்மை. பங்காருப்பேட்டை வட்டத்துக் காமசமுத்திரப் பக்கம் யானைக்கூட்டம் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டதும், கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க ஓடுவோர் நம்மிடையே உளர். இது பெரும் பிழை. அங்கே இரவெல்லாம் விழித்து நிற்கும் உழவர்க்கு யானை வேடிக்கைப் பொருளன்று. ஓராண்டு உழைப்பை ஓரிரவில் இழக்கும் அச்சம். சூழ்ந்து கூச்சலிட்டால் யானை மிரளும். மிரண்டால் உயிர் போகும்.

அந்த யானைகள் ஏன் வருகின்றன என்பதையும் அறிவது நல்லது. பன்னேர்கட்டாக் காடு தெற்கே தளி, ஜவளகிரி, ஓசூர்க் காடுகளோடும், அவற்றின் வழியே காவிரிக்கரைக் காடுகளோடும் தொடர்புடையது. 1980-களில் அப்பக்கத்து யானைகளில் சில, புது இடம் நாடிக் கிழக்கே சித்தூர் மாவட்டம் சென்று சேர்ந்தன. தலைமுறை பல யானை காணாத அம்மாவட்டத்தில் அவற்றுக்காகவே 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் அமைக்கப்பட்டது. அதுமுதல் அவை வரவும் போகவுமாக இருக்கும் வழி நம் ஊருக்கு அண்மையில் செல்கிறது. இருந்த இடத்தில் வயிறு நிறையாமல் இடம் பெயர்வது குற்றமென்றால், 1880-களுக்குப் பின் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டையோடு இங்கே வந்த நம் பாட்டனார்களும் குற்றவாளிகளே. யானையின் வழியை நாம் மறிக்க வேண்டாம். உழவனின் இழப்பை நாம் மறக்கவும் வேண்டாம். செய்தி கிடைத்தால் வனத்துறைக்குத் தெரிவித்துவிட்டு வீட்டிலிருப்பதே அறிவுடைமை.

இனி முடிக்கிறேன். பன்னேர்கட்டாவிலிருந்து திரும்பும் வண்டியில் என் மகள் தாத்தாவின் மடியில் உறங்கிவிட்டாள். பங்காருப்பேட்டை தாண்டி, இருளில் சயனைட் மேடுகள் தெரியத் தொடங்கியபோது தந்தையார் என்னிடம், "மைசூர்ப் பக்கத்துக் காடு என்றாயே, அங்கேயும் பஸ்ஸிலேயே பார்க்கலாமா?" என்று கேட்டார். பார்க்கலாம் அப்பா என்றேன். வரும் கோடை விடுமுறைக்கு இப்போதே சிறிது சிறிதாகச் சேர்த்து வருகிறோம்.

ஆகவே, சகோதரியாரே, மாமியாரை அழைத்துச் செல்லுங்கள். அவர் வரமாட்டேன் என்பார். இரண்டாம் முறையும் கேளுங்கள். செவ்வாயை மட்டும் விலக்குங்கள்.

அடுத்த திங்கள், வேளாங்கண்ணி செல்லும் ரயில்களைப் பற்றி எழுத எண்ணம். ஐயங்களை அஞ்சலிலோ, அலுவலகச் சாளரத்திலோ தெரிவிக்கலாம். வரிசையில் பின்னே நிற்பவரை மறவாது சுருக்கமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.